ரெண்டரை ஸ்கொயர் வயர்

மரகதவல்லி டீச்சர் கட்டிய புது வீட்டில் வியாழக்கிழமை பால் காய்ச்சுவதாக ஏற்பாடு. வயரிங் வேலையை எடுத்திருந்தவர் ஆவுடையப்பன். அதுவரை கோயில் கொடைத் திருவிழாக்களுக்குச் சீரியல் லைட் கட்டிக்கொண்டிருந்தவர். மாசானம், இசக்கி என்று இரண்டு கையாட்கள். மூவருக்கும் பொதுவாக ஒரு டெஸ்டர். அதில்தான் காது குடைவார்கள்.

செவ்வாய்க்கிழமை இன்ஜினியர் பொன்மணி வந்தாள்.

"அண்ணாச்சி, பிளக்குகளுக்கு ரெண்டரை ஸ்கொயர் வயர். வளையமா இழுங்க. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேரணும். முப்பத்திரண்டு ஆம்ஸ் பிரேக்கர் போடுங்க. கரண்ட் அளவுக்கு மீறினா அது விழுந்துரும்."

ஆவுடையப்பன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவள் போனதும் மாசானம் கேட்டான்: "ஸ்கொயர்னா சதுரம். வளையம்னா வட்டம். ஒரே வயரு எப்படிண்ணே ரெண்டாவும் இருக்கும்?"

ஆவுடையப்பன் கண்ணை மூடி யோசித்தார். "மொதல்ல ரெண்டு சதுரமா மடக்கு. மிச்ச அரையை இசக்கி மடக்கட்டும். பெறவு எல்லாத்தையும் வட்டமாச் சுத்திருவோம்."

அரைச் சதுரம் முக்கோணமா, நீள்சதுரமா என்ற விவாதத்தில் மத்தியானம் கழிந்தது.

"சரி, வயரு புறப்பட்ட இடம் எதுண்ணே?" என்றான் இசக்கி.

"செல்லையா கடையிலதானலே வாங்கினோம்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எட்டு பிளக்குகளையும் சுற்றிய வயர், ஜன்னல் வழியாக இறங்கி, மூன்று தெரு தாண்டி, செல்லையா கடைக்கே திரும்பியது. வழியில் தீர்ந்துபோனபோதெல்லாம் செல்லையா சந்தோஷமாக இன்னொரு சுருள் கொடுத்தார்.

ஆவுடையப்பனுக்கு ஒரே கவலை பிரேக்கர்தான். புதுச் சாமான், அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் என்னாவது? டீச்சர் கொண்டுவந்து வைத்திருந்த இலவம்பஞ்சு மெத்தையை அதற்குக் கீழே விரித்தார். அப்படியும் மனசு கேட்கவில்லை. "கையை ஏந்திக்கிட்டு நில்லுலே" என்று இசக்கியை நிறுத்தினார்.

புதன்கிழமை காலையில் வந்த பொன்மணி, மெத்தையைப் பார்த்தாள். இசக்கியைப் பார்த்தாள்.

"ஸ்கொயர்னா உள்ள இருக்கிற செம்போட தடிமன், அண்ணாச்சி! விழுறதுன்னா அந்தச் சுவிட்ச் தானா ஆஃப் ஆகுறது!"

ஆவுடையப்பனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பொன்மணி தன் ஆட்களை வரவழைத்து, சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்தாள். கிளம்பும்போது சொன்னாள்: "ஒரே ஒரு வேலைதான் பாக்கி. ஒவ்வொரு பிளக்குக்கும் லோடு குடுத்துப் பாத்துருங்க. இதையாவது ஒழுங்காச் செய்ங்க."

ஆவுடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில், தனக்குத் தெரிந்த ஒரு வேலை!

வியாழக்கிழமை பால் பானையோடு சொந்தபந்தம் சூழ வந்த மரகதவல்லி டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கூரை முட்டச் செங்கல். உடம்பெல்லாம் செம்புழுதியோடு ஆவுடையப்பன் ஓடிவந்தார்.

"ஏழு பிளக்குக்கு ஆளுக்கொரு லோடு குடுத்தாச்சு, டீச்சர். ஒண்ணும் ஆகலை, கல்லு மாதிரி நிக்குது. எட்டாவது பிளக்கு அடுக்களையில இருக்கு. அங்க லாரி நுழைய மாட்டேங்குது. நல்ல நேரம் முடியறதுக்குள்ள சொல்லுங்க... சுவரை இடிச்சிரட்டுமா?"