ஒரே மணி, ஒன்பது புதர்

அந்தக் காலத்தில் வாயுள்ளதெல்லாம் பேசும். கட்டைவிரல் பருமன்கூட இல்லாத முள்ளுக்குருவி, உடைமரத்து உச்சியில் எல்லாரும் பார்க்கத்தான் உட்கார்ந்து பாடும். ஒளிவுமறைவு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது.

அந்த முள்ளுக்காட்டில் ஆடு மேய்த்தவள் வீரசின்னம்மா. அவளுடைய செவலை ஆடு நிறைசினை. "மந்தையில என் செவலை தனியாத் தெரியணும்" என்று ஆசை ஆசையாக அதன் கழுத்தில் வெண்கல மணி கட்டியிருந்தாள். ஒருநாள் உச்சிவெயிலில் பார்க்கிறாள், செவலையைக் காணோம். ஈனுவதற்கு எங்கேயோ ஒதுங்கிவிட்டது. ஓநாய் நடமாட்டம் வேறு.

காதைத் தீட்டினாள். இலந்தைப் புதரில் 'கிண்' என்றது மணி. ஓடினாள், ஒன்றுமில்லை. பின்னால் காரைச்செடிக்குள் 'கிண்'. அங்கேயும் வெறும் முள். வடக்கே போனால் தெற்கே அடிக்கிறது, தெற்கே போனால் கிழக்கே.

"ஒத்த மணி எப்படி ஒம்பது புதர்ல அடிக்கும்? எனக்குத்தான் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று தலையில் கைவைத்துத் திரும்பினால், எதிரே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஓநாய்!

அதுவும் திருதிருவென்று முழித்தது. "ஏ ஆட்டுக்காரி, உனக்கும் இங்கதான் கேட்டுச்சா? காலையிலேருந்து சுத்துறேன், கிறுகிறுன்னு வருது. எங்கதான் அடிக்குது?"

அப்போதுதான் ஓநாய்க்குப் பின்னால், இலை இடுக்கில், முள்ளுக்குருவியைக் கண்டாள். அதன் தொண்டை துடித்தது. 'கிண்' என்றது.

செவலை குட்டி போட்டது அந்தக் குருவியின் கூட்டுக்கு அடியில்தான். ஓநாய் வந்தால் குட்டியும் போகும், முட்டையும் போகும். அதனால்தான் புதர் புதராகத் தாவி, மணி மாதிரியே கத்திக்கொண்டிருந்தது. கண்டவள் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? குழம்பிய வாய் சும்மா இருக்குமா?

"அடி குருவி, நீயா!" என்று கத்திவிட்டாள்.

ஓநாய் ஒரே பாய்ச்சல். குருவியின் வால் இறகு அதன் வாயோடு போயிற்று. குருவி முள்ளுக்குள் விழுந்து ஓடியது. "உன்னைக் கண்ட இடத்துல மென்னு துப்புறேன்!" என்று ஆட்டை மறந்து அதைத் துரத்திக்கொண்டே ஓடைக்கு அந்தப் பக்கம் போனது ஓநாய்.

காடு அடங்கியதும் நிஜ மணி கேட்டது. செவலையும் குட்டியும் சுகம். முதல் வேலையாக மணியை அவிழ்த்து எறிந்தாள்.

மறுநாள் இலைத்தொன்னையில் சீம்பாலோடு போய் நின்றாள். "குருவி, நான்தான்டி. வாய் தவறிக் கத்திட்டேன். வெளிய வா."

இடப்பக்கப் புதரில் 'கிண்'. போனாள், இல்லை. வலப்பக்கம் 'கிண்'. அங்கும் இல்லை. எந்தப் புதருக்கு முன்னால் பாலை வைப்பது என்று தெரியாமல் நடுக்காட்டில் நின்று அழுதாள்.

அன்றைக்கு உள்ளே போன முள்ளுக்குருவிதான், இன்றுவரை உச்சிக்கு வரவில்லை. நீங்கள் இந்தப் புதருக்குப் போனால் அது அந்தப் புதரில் பாடும். கோபித்துக்கொள்ளாதீர்கள். வருவது ஓநாயா, பால் கொண்டுவருகிறவளா என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.