செத்த ராஜாவை யார் பார்ப்பது

எங்கள் குடியிருப்பில் வருஷத்துக்கு ஒரு பாட்டு நாடகம் போடுவோம். சனி, ஞாயிறு இரண்டு நாள், சாயங்காலம் ஆறு மணிக்கு. நடிக்கிற யாருக்கும் சம்பளம் கிடையாது. அதற்குப் பதிலாக ஆளுக்கு இரண்டு நாற்காலி. நாற்காலி முதுகில் சாக்பீஸால் நம் பேரை எழுதிவிடுவார்கள். நம் வீட்டு ஆட்கள்தான் அதில் உட்காரலாம். கலெக்டரே வந்தாலும் அவருக்குப் பின்வரிசை பெஞ்சுதான்.

அந்த வருஷம், மழைக்காக உயிரைக் கொடுத்த ஒரு ராஜாவின் கதை. ராஜா வேஷம் சவரியப்பன் அண்ணாச்சிக்கு. துறைமுகத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஐம்பது தாண்டிய பிறகு புளோரா டீச்சரிடம் பாட்டுக் கற்றுக்கொள்ள வந்தார். டீச்சருக்கு முப்பத்தாறு வயது, அவருக்கு மகள் மாதிரி. ஆனாலும் டீச்சர் ஆர்மோனியத்தைத் திறந்தால் அண்ணாச்சி எழுந்து நிற்பார். பாட்டில் சந்தேகம் என்றாலும் வீட்டில் சங்கடம் என்றாலும் டீச்சரைத்தான் கேட்பார்.

நான் குடிமகன். பேர்கூடக் கிடையாது. பதினான்கு குடிமக்களில் ஒருத்தன், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ராஜா செத்து விழுந்தார். நாங்கள் சுற்றி மண்டியிட்டு ஒப்பாரி பாட வேண்டும். பாடினோம். பாட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் கிரேன் ஓட்டுகிற லூர்து, இரண்டாவது வரிசையில் இருந்த தன் மகளைப் பார்த்துப் பாடினான். ரேஷன் கடை இசக்கியம்மாள், தான் அழுவதை மாமியார் பார்க்கிறாரா என்று பார்த்துக்கொண்டே அழுதாள். நான் என் பெஞ்சாதி அமலியைத் தேடினேன். அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் ஒப்பாரி நன்றாகவே அமைந்தது.

ராஜாவின் பிணத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. பிணம்தான் அரைக்கண்ணால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலையில் நான் நாடகம் நடக்கிற மன்றத்தில் திரைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தேன். டீச்சர் கீழே நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வேகமாக வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"டீச்சர், சாயங்காலத்துக்கு வேற ராஜாவைப் பாருங்க."

வேறு ராஜாவுக்கு எங்கே போவது? பத்தொன்பது பாட்டும் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் வராவிட்டால் நாடகம் இல்லை. அது அவருக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும்.

மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார். எட்டு வருஷமாக ஒரு ஒத்திகைக்குக்கூடத் தவறினதில்லையாம். உயிரைக் கொடுத்துப் பாடிவிட்டுச் செத்துக் கிடந்தால், சுற்றி இருக்கிறவர்கள் கல்யாண வீட்டில் சொந்தக்காரரைத் தேடுகிற மாதிரி தேடுகிறார்களாம். கடைசியில் குரல் தணிந்து கேட்டார்.

"சம்பளத்துக்கு நடிக்கிறவன் சொன்ன பக்கம் பார்ப்பான். சம்பளமே இல்லாதவங்களை எப்படி டீச்சர் ஒரு பக்கமாப் பார்க்க வைக்கிறது?"

டீச்சர் சாக்பீஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"நேத்து எழுதினது அழிஞ்சு போச்சு அண்ணாச்சி. முதல்ல பேரெல்லாம் எழுதிருவோம்."

கோபமாக வந்த மனிதர், டீச்சர் சொல்லைத் தட்ட முடியாமல் எழுத ஆரம்பித்தார். லூர்துக்கு இரண்டு, இசக்கிக்கு இரண்டு, எனக்கு இரண்டு. எல்லாம் எழுதி முடித்தபோது மூன்றாவது வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலி பேரில்லாமல் நின்றது.

அது யாருக்கு என்று டீச்சர் கேட்டார்.

"எனக்குள்ளதுதான். வேற யாருக்காவது குடுங்க டீச்சர். ரோசம்மா இருந்தவரைக்கும் அதுல உக்காருவா. இப்ப யாரு இருக்கா?"

அண்ணாச்சியின் மனைவி ரோசம்மா அக்கா போன மாசியில் இறந்தார். ஒரே மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். அடக்கத்துக்கு நானும்தான் போயிருந்தேன். ஆனால் அவருடைய நாற்காலியில் இந்த வருஷம் யார் உட்காருவார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. கயிற்றில் வேலை இருப்பதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

டீச்சர், "நேத்து உயிர் போறதுக்கு முன்னால பாடுற பாட்டை யாரைப் பார்த்துப் பாடினீங்க?" என்று கேட்டார்.

"பின்சுவர்ல இருக்க ஃபேனைப் பார்த்து."

டீச்சர் சாக்பீஸை வாங்கி, அந்த இரண்டு நாற்காலியிலும் சவரியப்பன் என்று எழுதினார். சாயங்காலம் வந்து வேஷம் போடுங்கள், அதன் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் போய்விடுங்கள் என்றார். அண்ணாச்சி கையில் ஒட்டிய சாக்பீஸ் பொடியைத் தட்டிவிட்டுப் போனார்.

ஐந்தரைக்கு வந்தார். கிரீடத்தைத் தலையில் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தபோது பார்த்தால், மேடை ஓரத்தில் ஆர்மோனியத்தைக் காணோம். சுருதி யார் கொடுப்பது? திரை விலகியது. மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியில் ஆர்மோனியம் இருந்தது. இன்னொன்றில் டீச்சர் இருந்தார். தலை மறைக்கிறது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். டீச்சர் திரும்பவில்லை.

அண்ணாச்சி கிரீடத்தை வைத்துக்கொண்டு மேடைக்குப் போனார்.

கடைசிப் பாட்டில் இரண்டாவது அடியிலேயே அவர் பாட்டு நின்றுவிட்டது. டீச்சர் ஆர்மோனியத்தில் ஒரே கட்டையை அழுத்தியபடியே காத்திருந்தார். அண்ணாச்சி டீச்சர் உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அழுதார். பிறகு பாடினார். எட்டு வருஷத்தில் அவர் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. பாடி முடித்துச் செத்து விழுந்தார்.

நாங்கள் ஒப்பாரியைத் தொடங்கினோம். மற்றவர்களைப் பற்றி எனக்குத் தெரியாது. நான் அமலியைத்தான் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து டீச்சர் ஆர்மோனியத்தை மூடிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி பாதி அரிதாரத்தோடு வந்து அவர் முன்னால் நின்றார்.

"டீச்சர், இன்னைக்காவது அவங்க என்னையப் பார்த்தாங்களா?"

"உங்களுக்குத் தெரியலையா?"

"இல்ல டீச்சர். இன்னைக்கு நான் கண்ணைத் தொறக்கல."

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி. நான் உங்க நாற்காலிக்கு வந்தவ. அவங்களை ஏன் பார்க்கப் போறேன்?"