எட்டாவது ஒற்றுமை

முத்துக்கரை நாட்டை ஆண்ட கோதைவர்மருக்கு ஒரு பலவீனம். யாராவது "அப்படியே உங்கள் தாத்தாவை உரித்து வைத்திருக்கிறீர்கள்" என்றால் போதும், உச்சி குளிர்ந்துவிடும். படைமந்திரி இருங்கோளருக்கு இது நன்றாகத் தெரியும்.

ஒரு நாள் கடல் கடந்து ஒரு செய்தி வந்தது. பவழத்தீவும் கிராம்புத்தீவும் போரில் இறங்கிவிட்டனவாம். இருங்கோளர் சபையில் துள்ளி எழுந்தார்.

"மகாராஜா! அறுபது வருஷத்துக்கு முன்னால் நடந்த அதே போர்! அன்றும் துறைமுகத்தை அடைத்ததால்தான் சண்டை, இன்றும் அதுவே. அன்றும் ஆவணி, இன்றும் ஆவணி. அன்று போலவே பவழத்தீவார் நம்மிடம் உதவி கேட்கிறார்கள்..." இப்படி விரல் விட்டு ஏழு ஒற்றுமை சொன்னார். "அன்று உங்கள் தாத்தா படை அனுப்பி வென்றார். என் தாத்தா முதல் கப்பலில் ஏறினார். நீங்களும் அனுப்புங்கள், வெற்றி நமக்கே!"

ராஜாவுக்கு மீசை துடித்தது. வெள்ளிக்கிழமை இரண்டாயிரம் பேர் கப்பல் ஏற வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஊரில் பல வீடுகளில் அன்று உலை ஏறவில்லை. போன தடவை போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை என்று ராஜாவுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அரண்மனை வெற்றிப் பாட்டில் அந்த வரி கிடையாதே!

சபையில் சேந்தன் என்று ஒரு குறும்புக்காரன் இருந்தான். நேருக்கு நேர் 'வேண்டாம்' என்றால் தலை தப்பாது என்று அறிந்தவன். மறுநாள் காலை கல்தச்சர் மருதாசாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஆசாரி அளவுநூலை எடுத்து இருங்கோளரை உச்சி முதல் பாதம் வரை அளந்தார்.

"என்னய்யா இது?"

"அசையாம நில்லுங்க சாமி. மீசையையும் அளக்கணும்."

"எதற்கு?"

"உங்கள் நடுகல்லுக்கு, மந்திரியாரே," என்றான் சேந்தன் பணிவாக. "போரில் மடிந்த உங்கள் தாத்தாவுக்குக் கடற்கரையில் கல் நிற்கிறதே, பக்கத்திலேயே இடம் பார்த்துவிட்டோம். முதல் கப்பலில் ஏறினார், முதல் நாளே மார்பில் வேல் வாங்கினார். ஏழு ஒற்றுமை பொருந்திய பிறகு எட்டாவது மட்டும் பொருந்தாமல் போகுமா?"

"அவருக்கு இடது மார்புல," என்றார் ஆசாரி. "உங்களுக்கும் அங்கேயே செதுக்கிடவா? இல்ல, வயித்துல வேணுமா?"

ராஜா குதூகலித்தார். "ஆமாம் இருங்கோளரே! முதல் கப்பல் உமக்குத்தான்!"

இருங்கோளர் அளவுநூலை உதறித் தள்ளினார். "மகாராஜா... யோசித்துப் பார்த்தால்... அன்று காற்று சாதகம், இன்று எதிர்க்காற்று. அன்றைய கப்பல் தேக்கு, இன்றையது புன்னை. அந்த அரசர் வேறு, இந்த அரசர் வேறு..." இரண்டு கை விரல்களும் தீர்ந்துபோயின. "மொத்தத்தில் அது வேறு போர், இது வேறு போர்!"

ராஜா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிங்காசனம் அதிரச் சிரித்தார். ஆணையைக் கிழித்துப் போட்டார். தன் முத்துமாலையைக் கழற்றிச் சேந்தன் கழுத்தில் போட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மந்திரி பக்கம் திரும்பினார்.

"அது சரி, இருங்கோளரே. என் இரண்டாயிரம் பேரை நேற்று எந்தப் போருக்கு அனுப்பச் சொன்னீர்?"