சுடலைமுத்தே கண்ணுறங்கு

கயத்தாற்றில் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் தலை இருந்தது, தலையில் முடியும் இருந்தது. அதற்கு உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், நான் திறந்து பார்த்ததில்லை.

முதலாமவன் பலவேசம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற பலவேசம் சவுண்ட் சர்வீஸ் அவனுடையது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது தொழில். இரண்டாமவன் கொம்பையா. மைக்கில் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்பவன். இங்கிலீஷில் பேசுகிறவன் என்பதால் மூவரில் அவன்தான் விவரமானவன் என்று முடிவாகியிருந்தது. மூன்றாமவன் சுடலைமுத்து. வயர் சுற்றுவான். வயர் சுற்றாத நேரமெல்லாம் தூங்குவான்.

பலவேசத்துக்குப் பெண் பார்த்தார்கள். பின்தெருவில் இருந்து பிரம்மசக்தி என்கிற பெண்ணின் போட்டோ வந்தது. கூரியர் ஆபீசில் வேலை. போட்டோவைப் பார்த்ததில் இருந்து பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் இப்படியே ஸ்பீக்கர் கட்டிக்கொண்டே கிழவனாகிவிடுவேன் என்று ஆம்ப்ளிபயர் மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினான்.

அந்தப் பெண்ணிடம் ஒரு விசேஷம் உண்டு. ஆபீஸ் விட்டு வந்ததும் கம்ப்யூட்டரில் 'மாயக்கோட்டை' என்று ஒரு விளையாட்டு விளையாடுவாள். கத்தி, கேடயம், மந்திரம் எல்லாம் வரும். அதிலே மாயவித்தை என்று ஒரு பிரிவு. கோபமாக வருகிறவனை அமைதியாக்கலாம், பயந்தவனுக்குத் தைரியம் கொடுக்கலாம், நம்மையே யார் கண்ணிலும் படாமல் மறைத்துக்கொள்ளலாம். அந்த வித்தையில் நூறாவது லெவல் வரைக்கும் ஏறினவள் அவள். அவள் தன் குரலில் பேசிப் பதிவு செய்து பலவேசத்தின் போனுக்கு அனுப்பினாள். மூவரும் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்கள். தெருவும் கேட்டது.

"வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்னுட்டு, போய்ச் சொல்லி அனுப்புதோம்னு சொல்லுத பெண் பார்ப்பு எனக்கு வேண்டாம். மாயக்கோட்டைக்குள்ள ஊஞ்சல் சத்திரம்னு ஒண்ணு இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அங்க வாங்க. மாயவித்தையில நூறு லெவலோட வரணும். உங்களுக்கு முன்னால பொண்ணு கேட்டு வந்த ஒருத்தரு, வேற ஆளை விளையாட விட்டுட்டு, தானே ஏறினதா சொன்னாரு. அந்தப் பொய் மட்டும் எனக்கு ஆகாது. தெரியலைன்னா கேளுங்க, நான் சொல்லித் தாரேன்."

"சொல்லித் தாராளாம்லே!" என்று பலவேசம் துள்ளினான். அன்றைக்கே ஒரு பழைய கம்ப்யூட்டர் கடைக்குள் வந்து இறங்கியது. விளையாட்டுக்குள் இவர்கள் ஆட்டுவிக்க நீலச் சட்டை போட்ட ஒரு வீரன் கிடைத்தான். பலவேசம் மவுஸ், கொம்பையா கீபோர்டு, சுடலைமுத்து தூக்கம் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

பிரம்மசக்தியிடம் இருந்து போனில் முதல் பாடம் வந்தது. "ஆளில்லாத காட்டுல நின்னு மந்திரம் போட்டா லெவல் ஏறாது. ஜனங்க நடமாடுத இடத்துக்குப் போய்ப் போடுங்க."

கொம்பையா கடையைச் சுற்றிப் பார்த்தான். "இங்க நாம மூணு பேருதான் இருக்கோம். எப்படிலே ஏறும்?"

கம்ப்யூட்டரையும் ஜெனரேட்டரையும் குட்டியானை வண்டியில் ஏற்றி, வாரச்சந்தைக்குக் கொண்டுபோனார்கள். தக்காளிக் கூறுக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். நல்ல கூட்டம். விளையாட்டுக்குள் இருந்த வீரன் மட்டும் யாருமில்லாத காட்டில் தனியாக நின்று மந்திரம் போட்டுக்கொண்டிருந்தான். லெவல் அசையவில்லை.

"ஏ, உங்க டீசல் புகையெல்லாம் என் தக்காளி மேல அடிக்கு! எடுங்கய்யா வண்டியை!" என்று தக்காளிக்காரம்மா எழுந்து வந்தாள்.

"கோபமா வருது பாரு. அமைதி மந்திரத்தைப் போடுலே," என்றான் கொம்பையா. பலவேசம் கம்ப்யூட்டர் திரையை அந்த அம்மா பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மவுஸை அமுக்கினான். அந்த அம்மா தராசுத் தட்டைக் கையில் எடுத்தாள்.

"வேலை செய்யலையே!"

"டவர் இல்லைலே. ஓடு!"

இரண்டாவது பாடம். "மந்திர அங்கி போட்டுக்கிட்டா வித்தை லேசா வரும்." கடையில் மேடைக்குக் கட்டுகிற சிவப்புத் திரை ஒன்று, ஓரத்தில் ஜிகினாவோடு கிடந்தது. அதை மூன்றாகக் கிழித்தார்கள். யார் போட்டுக்கொள்வது என்பதில் கொஞ்ச நேரம் வழக்கு நடந்தது.

"மவுஸ் பிடிக்கிறவன் நான்."

"பட்டனை அமுக்குதவன் நான்லா?"

"அப்ப சுடலைக்கு?"

"அவன் போர்த்திக்கிடட்டும்."

மூவரும் ஜிகினாவோடு உட்கார்ந்தார்கள். வீரன் நீலச் சட்டையோடே இருந்தான். அவனுக்கு அங்கி போட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இருந்தாலும் எதையெதையோ அமுக்கிப் பார்த்ததில் வீரன் வழிதவறி ஒரு கிராமத்துக்குள் போய்விட்டான். அங்கே ஆட்கள் இருந்ததால் லெவல் ஏழு வரை ஏறியது. பெருமை எல்லாம் ஜிகினாவுக்குப் போனது.

மூன்றாவது பாடம் மறைப்பு மந்திரம். "அதைப் போட்டா நீங்க யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டீங்க. ஆனா எதையாவது தொட்டுட்டா மறைப்பு கலைஞ்சிரும். ஞாபகம் வச்சுக்கோங்க."

கொம்பையா பட்டனை அமுக்கினான். திரையில் வீரனைக் காணவில்லை.

"ஐயையோ, எங்கலே போனான்?" பலவேசம் பதறிவிட்டான். மேசைக்கு அடியில் பார்த்தான். கம்ப்யூட்டரைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். ஸ்பீக்கர் பெட்டியைத் தட்டி, "உள்ள இருக்கியாய்யா?" என்று கேட்டான்.

கொம்பையாவுக்குத் தொழில் கைகொடுத்தது. திருவிழாவில் பிள்ளை காணாமல் போனால் என்ன செய்வோமோ அதைச் செய்தான். மைக்கை எடுத்து, ஊருக்கே கேட்கும்படி, "அன்பார்ந்த பொதுமக்களே, நீலச் சட்டை அணிந்த வீரன் ஒருவனைக் காணவில்லை. கையில் சிறிய கத்தி வைத்திருப்பான். கண்டவர்கள் பலவேசம் சவுண்ட் சர்வீசில் ஒப்படைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்," என்று மூச்சு விடாமல் அறிவித்தான்.

யாரோ ஒருவர் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து, "இதுவா பாருங்க," என்றார். அதற்குள் மந்திரத்தின் நேரம் முடிந்து, வீரன் நின்ற இடத்திலேயே தெரிந்தான்.

"அறிவிப்பைக் கேட்டுட்டு வந்துட்டான்லே!" என்று பலவேசம் கண் கலங்கினான்.

வெள்ளிக்கிழமை வந்தது. லெவல் ஏழிலேயே நின்றது. மந்திர சக்தி வேறு தீர்ந்துபோய்விட்டது. பலவேசம் முகத்தில் களையே இல்லை. "முடிஞ்சுதுலே. அந்தப் புள்ள எனக்கில்லை," என்று சொல்லிக்கொண்டே இருந்தான். கடைசியாக ஒரு பாடம் வந்தது. "சக்தி தீர்ந்துட்டா நேரா ஊஞ்சல் சத்திரத்துக்குப் போங்க. படுத்துத் தூங்குங்க, தானா ஏறிக்கிடும்."

வீரனைத் தட்டுத் தடுமாறிச் சத்திரத்துக் கூடத்தின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதோடு அவனை மறந்துவிட்டு, மத்தியானம் ஆளுக்கு நாலு பரோட்டா தின்றுவிட்டு, இவர்கள் மூவரும் படுத்துத் தூங்கினார்கள். பலவேசமும் கொம்பையாவும் தரையில். சுடலைமுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடி, மேசையில் தலையைச் சாய்த்து.

நடந்தது இதுதான். சுடலைமுத்தின் தலை கீபோர்டில், மந்திரம் போடுகிற பட்டன் மேலேயே விழுந்தது. சத்திரத்தில் வருவோர் போவோர் மேலெல்லாம் வீரன் மந்திரம் போட்டான். சக்தி ஊற ஊறப் போட்டான். கூட்டமான கூட்டம். எழுந்து பார்த்தால் திரையில் நூறு என்று மின்னுகிறது.

பலவேசம் கண்ணைக் கசக்கிக்கொண்டான். "எப்படிலே?"

கொம்பையா வெகுநேரம் யோசித்தான். "முழிச்சிருந்தப்ப ஏழு. தூங்கினதும் நூறு. நம்ம ரெண்டு பேரு நெத்தியில ஒண்ணும் இல்லை. சுடலை நெத்தியில பாரு, பட்டன் அச்சு இருக்கு. அப்ப வித்தை பூராவும் இவன் மண்டைக்குள்ளதான் இருக்கு."

"எனக்கே தெரியாதே!" என்றான் சுடலைமுத்து, நெற்றியைத் தடவிக்கொண்டு.

மணி ஐந்தாகப் போனது. கம்ப்யூட்டருக்கு முன்னால் தாம்பாளத்தில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்தார்கள். பெண் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகலாமா? திரையில் ஊஞ்சல் சத்திரம் தெரிந்தது. விளையாட்டுக்குள் பிரம்மசக்தியின் வீராங்கனை பச்சை உடையில் ஊஞ்சலில் வந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டா! சுடலை, தலையை வை!"

சுடலைமுத்து தலையை வைத்தான். கண்ணை மூடினான். திறந்தான். "தூக்கம் வரலைலே."

கல்யாண மேளத்தின் நடுவே தூங்கினவன், வெடிக்கட்டுக்குப் பக்கத்தில் தூங்கினவன் அவன். "இவ்வளவு முக்கியமான விஷயத்துல எப்படிலே தூங்குவேன்? படபடன்னு வருது," என்று அழுகிற மாதிரி சொன்னான்.

பலவேசம் அவன் தாடையைப் பிடித்தான். "எய்யா சுடலை, என் வாழ்க்கையே உன் தூக்கத்துலதான்யா இருக்கு. உனக்குக் கோடிப் புண்ணியம். கண்ணை மூடுய்யா."

"தாலாட்டுப் பாடுவோம்," என்றான் கொம்பையா. சொல்லிக்கொண்டே மைக்கை எடுத்தான்.

"மைக் எதுக்குலே?"

"மைக் இல்லாமப் பாடி எனக்குப் பழக்கமில்லைலே."

பஸ் ஸ்டாண்டில் இரண்டு, பின்தெருவில் இரண்டு என்று, கோயில் கொடைக்குக் கட்டின குழாய்கள் எல்லாம் அப்படியே இருந்தன. நாலு குழாயிலும் கொம்பையாவின் குரல் புறப்பட்டது.

"ஆராரோ ஆரிரரோ, சுடலைமுத்தே கண்ணுறங்கு. பொண்ணு பார்க்க நேரமாச்சு, பொழுதுக்குள்ள நீயுறங்கு. பிரம்மசக்தி காத்திருக்கா, பேசாம கண்ணுறங்கு. பலவேசம் அழுவுதாண்டா, பரோட்டா தாரேன் கண்ணுறங்கு..."

பின்தெருவில் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் எல்லாம் தூங்கிவிட்டன. டீக்கடை மாஸ்டர் கொட்டாவி விட்டார். திருநெல்வேலி பஸ்ஸில் கண்டக்டரே அசந்துபோனார். சுடலைமுத்து மட்டும் முழித்துக்கொண்டு கிடந்தான்.

தன் பெயரை ஊரெல்லாம் கேட்க, பிரம்மசக்தி வீட்டு ஜன்னலைத் திறந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அவள் வருவதைக் கொம்பையா வாசலில் பார்த்துவிட்டான். "ஆளே நேர்ல வருதாலே! பலவேசம், மறைஞ்சிரு! எதையும் தொட்டுராதே!"

பலவேசம் சுவர் ஓரமாகப் போய், ஜிகினா அங்கியோடு, எதிலும் கைபடாமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

பிரம்மசக்தி உள்ளே வந்தாள். தாம்பாளத்தைப் பார்த்தாள். கீபோர்டில் கிடந்த தலையைப் பார்த்தாள். சுவர் ஓரம் பார்த்தாள்.

"மாப்பிள்ளை எங்க?"

"மறைஞ்சிருக்காரு," என்றான் கொம்பையா மரியாதையாக.

"ஓகோ. நூறு லெவல் அவருதான் ஏத்தினாரா?"

கொம்பையா, "ஆமா," என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் சுவர் ஓரத்தில் இருந்து குரல் வந்தது. "இல்லைங்க. எனக்கு ஏழுக்கு மேல ஏறலை. மிச்சம் பூரா சுடலை மண்டை ஏத்துனது. உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா உங்கட்ட பொய் சொல்ல வரலை."

பிரம்மசக்தி சிரித்தாள். நிறுத்திப் பார்த்தாள், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள். "மாயவித்தை கத்துக்கிட்டும் ஒருத்தரையும் ஏமாத்தத் தெரியாத ஆளை இன்னைக்குத்தான் பாக்கேன். எனக்குச் சம்மதம். வீட்ல நாள் பார்க்கச் சொல்லுதேன்," என்று சொல்லிவிட்டு, தாம்பாளத்தில் இருந்து ஓர் ஆப்பிளை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு மூவரும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள். பலவேசம் மட்டும் நின்றான், கையைத் தூக்கியபடி.

"சம்மதம்னா யாருக்குலே?" என்று ஆரம்பித்தான் கொம்பையா. "இவன் மறைஞ்சுல்லா நின்னான்? அவ கண்ணால பார்த்தது நம்ம ரெண்டு பேரைத்தான்."

சுடலைமுத்து எழுந்து உட்கார்ந்தான். "எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம்பா."

"ஐயையோ, போச்சா?" என்று பலவேசம் அலறினான்.

"போகலை. குரல் கேட்டுச் சம்மதம் சொல்லிருக்கா. முகத்தை இனிமேத்தான் பார்க்கணும். பார்த்து வேண்டாம்னுட்டா? அதனால தாலி கட்டுத வரைக்கும் நீ இப்படியே மறைஞ்சிரு," என்றான் கொம்பையா.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. கல்யாண நாள் வரைக்கும் பலவேசம் எதையும் கையால் தொடவில்லை. கொம்பையாவும் சுடலைமுத்தும்தான் ஊட்டிவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாதவனுக்கு ஊட்டுவது லேசா? குத்துமதிப்பாக நீட்டியதில் பாதி இட்லி காதுக்குத்தான் போனது.

கல்யாண மண்டபத்தில் ஜேஜே என்று கூட்டம். மாப்பிள்ளை பட்டு வேட்டிக்கு மேலே ஜிகினா அங்கியும், தூக்கிய கையுமாக மணமேடையில் நின்றான். கண்டிப்பாக ஏதோ வேண்டுதல் என்று சொந்தக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஐயர், "தாலியை வாங்கிக்கோங்க," என்றார். மாப்பிள்ளை அசையவில்லை.

"நேரம் போகுது. வாங்கிக்கோங்க!"

"தொட்டா கலைஞ்சிருமே சாமி," என்று பலவேசம் முணுமுணுத்தான். முகம் வேர்த்துக் கொட்டியது. "என் முகத்தைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டா?"

பிரம்மசக்தி நிமிர்ந்து பார்த்தாள். எட்டி அவன் கையைப் பிடித்துக் கீழே இழுத்து, தாலியை எடுத்து அதில் வைத்தாள். "பார்த்துட்டேன். நல்லாத்தான் இருக்கு. கட்டுங்க."

மேளம் முழங்கியது. பலவேசம் தாலி கட்டினான், அழுதுகொண்டே சிரித்தான். அதே நேரம் மண்டபம் பூராவும் கொம்பையாவின் குரல் மைக்கில் கேட்டது. "அன்பார்ந்த பெரியோர்களே, பல நாட்களாகக் காணாமல் இருந்த மாப்பிள்ளை, சற்று முன்பு மணமேடையில் கண்டெடுக்கப்பட்டார். தேடிக்கொண்டிருப்பவர்கள் தேடுவதை நிறுத்திக்கொண்டு பந்திக்குச் செல்லவும்."

ஆம்ப்ளிபயர் மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்த சுடலைமுத்து அந்தச் சத்தத்தில் முழித்தான். மேடையைப் பார்த்தான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பலவேசத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

"ஏலே பலவேசம்! நீ எப்பலே வந்த? இங்க யாருக்கோ கல்யாணம் நடக்கு, வா, சாப்பிட்டுட்டுப் போவோம்!"