அகலம் கேட்ட தெய்வானை

கோவைக்குத் தெற்கே, காற்றாலைகள் சுற்றும் பொட்டலில் ஒரு பந்தயத் தடம் இருக்கிறது. அங்கே கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள் நூர்ஜஹான். வயது முப்பத்து மூன்று. அவளிடம் கற்றவர்கள் வெளியூர்ப் பந்தயங்களில் கோப்பை வாங்கியிருக்கிறார்கள். அவளைப் பேசவைப்பதைவிடக் கோப்பை வாங்குவது சுலபம் என்று அவர்களே சொல்வார்கள்.

அவளுடைய மாணவர்களில் மூத்தவள் தெய்வானை. ஐம்பத்தொரு வயது. பெண்கள் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்தவள், ஒருநாள் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த மாதமே குன்னூர் எஸ்டேட் ஒன்றின் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த ஒரு காரை வாங்கினாள். இரண்டே இருக்கை, துணிக்கூரை, முப்பது வருஷத்துக்கு முந்தைய ஜப்பான் வண்டி. மெக்கானிக்கின் பக்கத்திலேயே நின்று அதை ஓடவைத்தாள்.

முதல் நாள் தடத்தின் வாசலில் காவலாளி கேட்டார்.

"பையன் வண்டிங்களாம்மா?"

"எனக்குப் பையனே இல்லீங்க. வண்டி என்னுது. கேட்டைத் தொறங்க."

நூர்ஜஹானை அவள் 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவாள்.

"பேர் சொல்லியே கூப்பிடுங்க்கா. நான் சின்னவ," என்றாள் நூர்ஜஹான்.

"கத்துக்கிற எடத்துல நீங்கதான் பெரியவங்க."

அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

தடத்தை நடத்துவது ஒரு கார் கிளப். செயலாளர் சிவப்பிரகாஷ். நூல் மில் வைத்திருப்பவர், புத்தம்புது ஜெர்மன் கார் ஓட்டுபவர், எல்லோரிடமும் சிரித்துப் பேசுபவர். அந்த வருஷம் அவர் ஒரு விதி கொண்டுவந்தார். கிளப் வைத்த நேரத்துக்குள் தகுதிச் சுற்றை முடிப்பவர்கள் அன்றைக்கே வேகப்பிரிவில் ஓட்டலாம். முடியாதவர்களுக்குப் பழங்கார் ஊர்வலம். சாப்பாட்டு இடைவேளையில், முன்னால் ஒரு ஜீப் மெதுவாகப் போக, அதன் பின்னால் வரிசையாகப் போகவேண்டும்.

தெய்வானையின் சுற்று அந்த நேரத்தைவிட மூன்று விநாடி கூடியிருந்தது.

"தப்பா நினைச்சுக்காதீங்க்கா. உங்க வண்டி அழகான வண்டிங்க. மாலையெல்லாம் போட்டு, பாட்டுப் போட்டு, ஜம்முனு கூட்டிட்டுப் போறோம்," என்றார் சிவப்பிரகாஷ்.

"மாலை போட்டு, மெதுவா, முன்னால வண்டி விட்டு யாரைக் கூட்டிட்டுப் போவாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க தம்பி. நான் இன்னும் சாகலை."

அவர் அதற்கும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை.

நேராக நூர்ஜஹானிடம் போனாள். அவள் தடத்தின் கொட்டகையில் டயர்களுக்குக் காற்றழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாஸ்டர், டயர் மாத்தப்போறேனுங்க. எந்த சைஸ் போடட்டும்?"

"இப்ப என்ன இருக்கு?"

"நூத்தி எம்பத்தஞ்சு. கம்பெனி போட்டுக் கொடுத்த அளவு. மத்தவங்கல்லாம் இருநூத்தி இருவத்தஞ்சு போட்டிருக்காங்க."

நூற்று எண்பத்தைந்து என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். நாற்பது மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது இரண்டு விரல் அகலம். அந்த இரண்டு விரலில்தான் மூன்று விநாடி ஒளிந்திருக்கிறது என்று தெய்வானை நம்பினாள்.

நூர்ஜஹான் ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு காரருகே வந்தாள். தரையில் படும் பகுதியிலிருந்து டயரின் பக்கச் சுவரில் பாதிவரைக்கும், மேற்பரப்பும் பக்கமும் சேரும் தோளில் வழியும் மாதிரி தடித்த கோடு ஒன்று போட்டாள். நான்கு டயரிலும் போட்டாள்.

"போய் ஓட்டிட்டு வாங்க."

தெய்வானை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். திரும்பி வந்ததும் நூர்ஜஹான் முன்சக்கரத்தின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். தெய்வானையையும் உட்காரச் சொன்னாள்.

டயரின் தோளில் குட்டியாக ஒரு முக்கோணக் குறி இருந்தது. தரையில் படும் பக்கமிருந்து அழிந்துவந்த சாக்பீஸ் கோடு, அந்தக் குறிக்கு வெகு முன்னாலேயே அழியாமல் நின்றுவிட்டிருந்தது. முக்கோணத்தின் மேல் சுண்ணாம்பு வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது.

"வளைவுல டயர் இந்தக் குறி வரைக்கும் சாயும்க்கா. சாய்ஞ்சாலும் தாங்கும்."

"நான் அவ்வளவு சாய்க்கலைங்கறீங்க."

"இது எவ்வளவு தாங்கும்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லை."

"பயந்து ஓட்டறேன்னு நேரா சொல்லுங்களேன் மாஸ்டர்."

நூர்ஜஹான் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டாள்.

தெய்வானைக்கு முகம் எரிந்தது. இருபத்தேழு வருஷம் வகுப்பெடுத்தவள் அவள். கேள்வி கேட்ட மாணவியை ஒருநாளும் இப்படி நிற்கவைத்துவிட்டுப் போனதில்லை. யாரிடமும் சொல்லாமல் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு டயர்க் கடைக்குப் போனாள்.

"அகலம் கூடக்கூடப் பிடிமானமுங்க மேடம். கண்ணை மூடிக்கிட்டுத் திருப்பலாம்," என்றார் கடைக்காரர்.

இருநூற்று இருபத்தைந்துக்குப் பழைய ரிம் பொருந்தவில்லை. புது ரிம் போட்டார்கள். சக்கரம் மட்காடில் உரசியது. மட்காடின் உள் விளிம்பைத் தட்டி மடித்தார்கள். மடிக்கும்போது ஒரு இடத்தில் பெயின்ட் உதிர்ந்தது. அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள்.

அடுத்த ஞாயிறு அந்தக் காரைத் தடத்தில் இறக்கினாள். முதல் சில வளைவுகளில் வாய்விட்டுச் சிரித்தாள். வண்டி தரையைக் கவ்விக்கொண்டு திரும்பியது. ஆனால் பவர் இல்லாத ஸ்டியரிங், கல் அரைக்கிற மாதிரி கனத்தது. நேர்த்தடத்தில் அந்தச் சின்ன எஞ்சின் நாலு பெரிய டயரையும் இழுக்கமுடியாமல் மூச்சு வாங்கியது. வளைவில் கிடைத்ததில் பெரும்பங்கை நேர்த்தடம் திருப்பி வாங்கிக்கொண்டது. சுற்று நேரத்தில் குறைந்தது ஒரே ஒரு விநாடி.

போதவில்லை. இன்னும் வேகமாகப் போனாள்.

காற்றாலைக்கு எதிரே இருக்கும் இடது வளைவில் பின்சக்கரங்கள் பொசுக்கென்று விட்டுவிட்டன. வானமும் தரையும் இரண்டு தடவை சுற்றின. கார் புல்லில் போய், வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது.

நூர்ஜஹான் புல்லின் மேல் நடந்து வந்தாள்.

"கழுத்து வலிக்குதுங்களா?"

"இல்லைங்க."

"கை?"

"ஸ்டியரிங்கை விடமாட்டேங்குது."

நூர்ஜஹான் அவள் விரல்களை ஒவ்வொன்றாக ஸ்டியரிங்கிலிருந்து பிரித்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"விடறதுக்கு முன்னாடி டயர் எதாவது சொல்லுச்சுங்களா?"

"ஒண்ணுமே சொல்லலைங்க. திடீர்னு விட்டுருச்சு."

"பழைய டயரு?"

தெய்வானை யோசித்தாள். "அது எப்பவும் கீச்சு கீச்சுன்னு புலம்பிட்டேதான் இருக்கும்."

"சரி."

"அப்ப பழசையே போட்டுக்கச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் நூர்ஜஹான்.

பழைய டயர்கள் திரும்ப ஏறின. தோற்றுப்போய்த் திரும்பிய மாதிரி இருந்தது தெய்வானைக்கு. சிவப்பிரகாஷ் கொட்டகைப் பக்கம் வந்து, ஊர்வலத்துக்கு என்ன நிற மாலை வேண்டும் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அவளே ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினாள். ஞாயிறுதோறும் முதல் ஆளாக வந்தாள். ரேடியோவைக் கழற்றி வைத்துவிட்டு, டயரின் சத்தத்தை மட்டும் கேட்டு ஓட்டினாள். புலம்பலில் பல வகை இருந்தது. முதலில் மெல்லிய கீச்சு. முன்பெல்லாம் அதைக் கேட்டதும் அவள் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுக்கொண்டிருந்தாள். அது வெறும் பேச்சு என்று இப்போது தெரிந்தது. அதற்கப்புறம் அடித்தொண்டையில் ஒரு முனகல். முனகல் வந்த பிறகும் டயர் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்டியரிங் கையில் லேசாகும்போதுதான் உண்மையிலேயே போதும் என்கிறது. அந்த இடம்வரைக்கும் போய்ப் போய் வந்தாள்.

சுண்ணாம்பு அழியும் இடம் வாரத்துக்கு வாரம் முக்கோணத்தை நோக்கி இறங்கியது. ஒருநாள் முக்கோணத்தைத் தொட்டது. நேரம் இரண்டு விநாடி குறைந்திருந்தது. அன்று சாப்பிடாமல்கூட ஓட்டினாள்.

பிறகு ஒரு ஞாயிறு, கோடு முக்கோணத்தையும் தாண்டி அழிந்துபோனது. பக்கச் சுவரே தரையில் தேய்ந்திருந்தது. அவள் நெடுநேரம் குத்தவைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். எப்படியும் டயர் மடிந்தது.

நூர்ஜஹானிடம் போனாள்.

"மாஸ்டர், நூத்தித் தொண்ணூத்தஞ்சு போடப்போறேனுங்க. ரிம்மு ஒரு இஞ்ச் பெருசு. சுவர் குட்டையாயிரும், மடியாது. சக்கரத்தோட மொத்த உயரம் மாறாது, அதனால கியருக்கும் ஒண்ணும் ஆகாது. ரப்பர் மட்டும் இன்னும் மிருதுவானது, நல்லாப் பிடிக்கும்."

"நூத்தி எம்பத்தஞ்சே போதும்."

"போதாதுங்க."

"நான் சொல்றேன்ல, போதும்க்கா."

"இந்த வண்டியை நீங்க ஓட்டறதில்லீங்க மாஸ்டர். நான் ஓட்டறேன். அது என்கிட்டத்தான் சொல்லுச்சு."

கொட்டகையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நூர்ஜஹானிடம் அப்படி யாரும் பேசியதில்லை. அவள் தெய்வானையின் முகத்தையே பார்த்தாள்.

"ரிம்மு எடை பாத்து வாங்குங்க," என்றாள்.

அடுத்த தகுதிச் சுற்று வந்தது. காலையில் எல்லாக் கார்களையும் சோதித்து, தெய்வானையின் காருக்கும் சரி என்று ஸ்டிக்கர் ஒட்டினார்கள். புதுச் சக்கரம் பழைய மட்காடுக்குள் எங்கும் உரசாமல் சுழன்றது. காற்றாலை வளைவில் டயர் முனகியது. அவள் காலை எடுக்கவில்லை. ஸ்டியரிங் லேசாகிற விளிம்பிலேயே வண்டியை நடத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

மயிரிழைதான். ஆனால் கிளப் வைத்த நேரத்துக்குள் வந்துவிட்டாள்.

சிவப்பிரகாஷ் கைகுலுக்கினார். "பிரமாதமுங்க்கா. ஆனா ஒரு சின்ன விஷயம். இருவது வருஷத்துக்கு மேல ஆன வண்டி எதுவா இருந்தாலும் ஊர்வலத்துலதான்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டமுங்க. பாதுகாப்புக்குத்தான்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"இப்பத்தானுங்க."

"காலையில சோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டுனீங்களே தம்பி."

"அது வேறங்க. இது வேறங்க."

தெய்வானை காரில் ஏறி, வேகப்பிரிவின் வாயிலுக்கு ஓட்டிப்போய், கொடிக்காரருக்கு முன்னால் முதல் ஆளாக நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தாள். பின்னால் ஒன்றன்பின் ஒன்றாகக் கார்கள் வந்து நின்றன. அவளைத் தாண்டிப் போக இடமில்லை.

சிவப்பிரகாஷ் முதன்முறையாகச் சிரிக்காமல் நூர்ஜஹானிடம் வந்தார்.

"உங்க ஸ்டூடன்ட்டுதானே. நகரச் சொல்லுங்க."

நூர்ஜஹான் கொடிக்காரருக்கு முன்னால் நின்ற காரைப் பார்த்தாள்.

"நீங்க இங்க சம்பளத்துக்கு இருக்கிறவங்க நூர்ஜஹான். ஞாபகம் இருக்கட்டும். நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"நான் சொல்லி அவங்க எதையும் கேட்டதில்லைங்களே," என்றாள் நூர்ஜஹான்.

தான் போட்டிருந்த, கிளப்பின் பெயர் எழுதிய சிவப்புக் கோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். கொட்டகைச் சுவரிலிருந்து தன் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு போய், தெய்வானைக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பெல்ட் போட்டாள்.

கொடிக்காரர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் கையில் கோட்டோடு நின்றார். பின்னால் பச்சைக் காரிலிருந்து ஒருவர் தலையை வெளியே நீட்டினார்.

"சார், அவங்க நேரத்துக்குள்ளதானே வந்தாங்க? விடுங்க சார்!"

அதற்கும் பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார். இன்னொருவரும் அடித்தார். பிறகு வரிசை முழுக்க அடித்தது.

கொடிக்காரர் அதற்குமேல் யாரையும் பார்க்கவில்லை. பச்சைக்கொடியை உயர்த்தினார்.

கார் சீறிக்கொண்டு புறப்பட்டது. நேர்த்தடத்தில் துணிக்கூரை படபடவென்று அடித்துக்கொண்டது. தெய்வானை நான்காவது கியருக்கு மாற்றினாள்.

"என்னால உங்க வேலை போயிருச்சே மாஸ்டர்!" என்று எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

முதல் வளைவு கிடுகிடுவென்று நெருங்கியது. அவளுடைய வலது கால் ஆக்சிலரேட்டரிலிருந்து மெல்ல நகர்ந்தது.

"பிரேக் இப்ப வேண்டாங்க்கா," என்றாள் நூர்ஜஹான்.