முடி உதிராத காவற்காரன்

காட்டின் தெற்கு ஓரத்தில் கோரை அடர்ந்த குளம் ஒன்று இருந்தது. அதில் வெண்ணுதல் என்னும் நாமக்கோழி தன் கணவர் கருமேனியாரோடு வாழ்ந்துவந்தாள். நாமக்கோழி ஒரு நீர்ப்பறவை; உடல் முழுதும் கறுப்பு. நெற்றியில் மட்டும் பளிச்சென்று ஒரு வெள்ளை நாமம்.

கூடு கட்டுவதில் வெண்ணுதலுக்கு நிகர் அந்தக் குளத்தில் எவரும் இல்லை. ஒரு கோரைத்தண்டை எடுத்தால் வளைத்துப் பார்ப்பாள், கடித்துப் பார்ப்பாள், தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்ப்பாள். அதன் பிறகும் பாதியைத் தூக்கி எறிந்துவிடுவாள்.

"குணம் தெரியாத தண்டின்மேல் நான் முட்டை வைப்பதில்லை" என்று அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொள்வாள்.

அந்த ஆண்டு அவள் முதலில் இட்ட முட்டைகளை உடும்பு தின்றுவிட்டது. கோடை நெருங்கிக்கொண்டிருந்தது. குளம் வற்றுவதற்குள் இன்னும் ஒரு முறைதான் முட்டையிட முடியும். அவையும் போய்விட்டால் அந்த ஆண்டு அவளுக்குக் குஞ்சுகளே இல்லை. அதனால் கூட்டுக்கு ஒரு காவல் வேண்டும் என்று முடிவு செய்தாள்.

இந்தச் செய்தி இன்சொல்லன் என்ற நரியின் காதுக்கு எட்டியது. மறுநாளே அவன் ஒரு நாய்க்குட்டியோடு கரையில் வந்து நின்றான். குட்டியின் உடலெங்கும் சுருள்சுருளாக, தேன் நிறத்தில் முடி. இரண்டு சுருள்களுக்கு நடுவே இரண்டு கண்கள் இருப்பதாகத் தெரிந்தது.

"இது சாதாரண நாய் அன்று, அம்மணி" என்றான் இன்சொல்லன். "தாய் ஓர் இனம், தந்தை வேறோர் இனம். இரண்டிலும் உள்ள நல்ல குணங்கள் மட்டும் இதில் இறங்கியிருக்கின்றன."

கரையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை தலையை வெளியே நீட்டியது. "கெட்ட குணங்கள்?"

"அவை இறங்கவில்லை."

"வடிகட்டியது யார்?" என்று ஆமை கேட்டது.

இன்சொல்லன் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குட்டியின் சிறப்புகளை எடுத்துரைக்கத் தொடங்கினான். அதன் முடி உதிராது. ஆகவே கோரைப்பூ பறந்தாலே தும்முகிற கருமேனியாருக்கு எந்தத் தொல்லையும் இராது. கண்ணில் பட்ட எவரையும் அது சிதறவிடாது, ஒன்றாக வைத்துக்கொள்ளும். அதன் வாயோ பூவைப் போன்றது. முட்டையைக் கவ்வினாலும் கீறல் விழாது. அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கேயே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகக் குடிவருகிறவர் எவரானாலும் தம் தாயை ஒருமுறை கரைக்கு அழைத்துவந்து காட்ட வேண்டும். பிறகுதான் குளத்தில் இடம். ஆமை அதை நினைவூட்டியது.

"இவனுடைய தாய் ஓயாத வேலையில் இருக்கிறாள்" என்றான் இன்சொல்லன். "தந்தையோ ஒரு பெரிய மனிதரிடம் இருக்கிறார். குளம் குளமாக அவரோடு உலாப் போகிறார். பறவைகள் என்றால் அவருக்கு உயிர். அது இருக்கட்டும், ஆமையம்மா, நீங்கள் உங்கள் தாயைப் பார்த்ததுண்டா?"

ஆமைகள் மணலில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறவை. அது எல்லோருக்கும் தெரியும். சில வாத்துகள் சிரித்தன.

"இல்லை" என்றது ஆமை. "அந்தக் குறை எனக்கு இருப்பதால்தான் மற்றவர்களுடைய தாயைப் பார்க்க ஆசைப்படுகிறேன்."

வெண்ணுதல் குறுக்கிட்டாள். வழக்கம் என்பது பாம்புக்கும் பன்றிக்கும் போட்டது, இப்படிப்பட்ட முகத்துக்குமா என்று கேட்டாள். பறவைகளின்மேல் உயிரையே வைத்திருக்கும் குடும்பத்திலிருந்து வருகிற பிள்ளையைச் சந்தேகிப்பது பண்பாகாது என்றும் சொன்னாள். ஒரு கோரைத்தண்டை மூன்று விதமாகச் சோதிக்கிறவள், குட்டியைத் தலையைச் சாய்த்து ஒரு முறை பார்த்தாள். சோதனை முடிந்தது.

விலை நண்டுகள். வெண்ணுதல் முங்கி முங்கி நண்டு பிடித்துக் கொடுத்தாள். அந்தக் கலப்புக்கு 'அலைச்சுருளன்' என்று ஒரு பெயர் உண்டாம். அந்தப் பெயருக்கென்று இன்சொல்லன் தனியாக நண்டு வாங்கிக்கொண்டான். குட்டியைச் சுருளி என்று அழைத்தார்கள்.

முடி உண்மையிலேயே உதிரவில்லை. உதிராத முடி எங்கே போகும் என்று யாரும் யோசித்திருக்கவில்லை. அது வளர்ந்தது. வளர்ந்து, பின்னி, முடிச்சு விழுந்தது. கரையிலிருந்த நாயுருவி முட்களெல்லாம் அதில் வந்து தங்கின. தண்ணீரில் இறங்கினால் அட்டைகளும் குடியேறின. தாய் எங்கே என்று அவற்றையும் யாரும் கேட்கவில்லை. வெண்ணுதல் காலையில் அலகால் கோதத் தொடங்கினால் உச்சிவேளை வரை கோதினாள். வலி தாங்காமல் சுருளி முனகுவான். பார்க்க வந்த பறவைகள் "எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டுப் போகும். கோத உதவி கேட்டால் அவற்றுக்கு உடனே வேறு வேலை நினைவுக்கு வரும்.

கருமேனியார் தும்மிக்கொண்டே இருந்தார். கோரைப்பூவுக்குத் தும்மியதைவிட இருமடங்காகத் தும்மினார்.

"முடிதான் உதிரவில்லையே, பிறகு ஏன் தும்முகிறீர்கள்?" என்று வெண்ணுதல் கடிந்துகொண்டாள்.

"அவன் என்னை நக்குகிறான்" என்றார் கருமேனியார். "எனக்கு ஆகாதது அவன் முடி அன்று, எச்சில். அச்..."

எச்சிலைப் பற்றி நரி எதுவும் சொல்லவில்லையே என்று வெண்ணுதல் நினைத்துக்கொண்டாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

சுருளி வளர வளர அவனுக்கு ஓடாமல் இருக்க முடியவில்லை. குளத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினான். அங்கொன்றும் இங்கொன்றுமாக மேய்ந்த நீர்ப்பறவைகளைக் குரைத்து, வளைத்து, ஒரே மூலைக்கு ஓட்டிவந்தான். சிறகி என்னும் வாத்து இதைப் பற்றி முறையிட வந்தது. ஒரே மூலையில் அத்தனை பேர் நின்றால் புழுப்பூச்சி யாருக்குக் கிடைக்கும் என்று கேட்டது.

"ஒழுங்கு கற்பிக்கிறான்" என்றாள் வெண்ணுதல். "உங்கள் பக்கத்தில் அது கொஞ்சம் குறைவுதானே, சிறகி?"

சில நாள்களில் அவள் முட்டையிட்டாள். புள்ளி வைத்த அழகான முட்டைகள். கணவனும் மனைவியும் மாறி மாறி அடைகாத்தார்கள். கரையில் காவலாகச் சுருளி இருக்கிறான் என்ற நிம்மதி வெண்ணுதலுக்கு. நிம்மதியாக இரை தேடப் போனாள்.

ஒருநாள் காலையில் அவள் குளத்தின் மறுகோடியில் இருந்தாள். அடைகாத்துக்கொண்டிருந்த கருமேனியாருக்குத் தும்மல் நிற்கவே இல்லை. முட்டைகள் அதிர்கின்றனவே என்று அஞ்சி, அலகை நனைத்துக்கொள்ளச் சற்று விலகிப் போனார்.

சுருளி கூட்டைப் பார்த்தான். ஆளில்லாமல் கிடக்கின்ற முட்டைகள். இதோ இங்கே சில. அதோ, இரை தேடப் போயிருந்த சிறகியின் கூட்டில் சில. அவனுடைய இரத்தத்தில் இருந்த ஒன்று, கிடப்பதைக் கவ்விக் கரைக்குக் கொண்டுவா என்றது. இன்னொன்று, சிதறிக் கிடப்பதை ஒன்றாகச் சேர் என்றது. சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். நீந்திப் போய் ஒவ்வொரு முட்டையாகக் கவ்வினான். கரையின் மருதமரத்தடியில் குவித்து வைத்தான். ஒரு முட்டையிலும் கீறல் இல்லை. பிறகு வாலை ஆட்டிக்கொண்டு, பாராட்டுக்காகக் காத்திருந்தான்.

உடும்பு புதரிலிருந்து தலையை நீட்டியது. தன் கண்களை அது நம்பவில்லை. நாய் நிற்கிறதே என்று தயங்கியது.

தனியே நிற்கிற எவரையும் சுருளியால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. உடும்பைச் சுற்றி வளைத்து, பின்னங்காலை மூக்கால் மெல்லத் தள்ளி, முட்டைக் குவியலின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினான். உடும்பை அதன் வாழ்நாளில் யாரும் இவ்வளவு மரியாதையோடு விருந்துக்கு அழைத்ததில்லை. அது உண்ணத் தொடங்கியது.

அப்போது கோரைக்குள் திரும்பி வந்த கருமேனியார் வெறுங்கூட்டைக் கண்டார். கரையைப் பார்த்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தார். வந்தது தும்மல். அதுவரை தும்மிய தும்மல்களெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது போன்ற ஒரு தும்மல். உடும்பு வெடிச்சத்தம் என்று எண்ணிப் புதருக்குள் பாய்ந்தது. அன்று முட்டைகளைக் காத்தது நாய் அன்று; நாயால் வந்த தும்மல்.

வெண்ணுதல் பதறி வந்தபோது சில முட்டைகள் ஓடாகக் கிடந்தன. மீதி இருந்தவற்றைத் தூக்க அவளுடைய அலகுக்கு வலுவில்லை. சுருளிதான் அவற்றை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய், யாருடையவை என்று பிரிக்காமல் அவளுடைய கூட்டில் வைத்தான். அப்போதும் ஒரு கீறல் விழவில்லை.

சிறகி அழுதுகொண்டே நாயை அன்றே துரத்த வேண்டும் என்றது. வெண்ணுதல் இன்சொல்லனை வரவழைத்தாள்.

"திரும்பப் பெறுவதில்லை, அம்மணி" என்றான் அவன். "முடி உதிர்ந்ததா? யாரையாவது சிதறவிட்டானா? முட்டையில் பல் பட்டதா? நான் சொன்னதில் எது பொய்?"

வெண்ணுதல் மருதமரத்தடியில் கிடந்த ஓடுகளைப் பார்த்தாள்.

"கவலை எதற்கு? நடுக்காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். அடுத்த மாதம் வேறு நிறத்தில் ஒரு குட்டி வருகிறது."

சுருளி கரையில் படுத்திருந்தான். காதின் பின்னால் சிக்கல் விழுந்து, தோல் சிவந்து, புண்ணாகியிருந்தது. வெண்ணுதல் அவன் அருகில் போய், முதல் நாளே கேட்டிருக்க வேண்டியதை அன்று கேட்டாள்.

"உனக்கு என்ன தெரியும், சுருளி?"

"சிதறியதைச் சேர்ப்பேன், அம்மா. கிடப்பதை எடுத்துவருவேன். வேறொன்றும் தெரியாது. காவல் என்றால் என்ன?"

"உன் தாய் எங்கே இருக்கிறாள்?"

"காட்டுக்கு வெளியே, ஆட்டுக்கிடையில். நீங்கள் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன்."

நடுக்காட்டுக்குப் போகும் வழி கிட்டத்தில்தான் இருந்தது. வெண்ணுதல் அந்த வழியைப் பார்த்தாள். பிறகு முட்டைகளைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு, நீந்துவதற்கென்றே அமைந்த தன் கால்களால் கட்டாந்தரையில் தத்தித் தத்திக் கிடையை நோக்கி நடந்தாள். சுருளி பின்னால் வந்தான். முன்னால் போனான். சுற்றியும் வந்தான்.

கிடையில் அவன் தாய் ஆடுகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள். மகனைக் கண்டதும் ஓடியபடியே அவன் முகத்தை நக்கினாள்.

"சற்று நின்று பேசலாமே, அம்மா" என்றாள் வெண்ணுதல்.

"நின்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். இவனுக்கும் அப்படித்தான். உங்கள் குளம் எவ்வளவு பெரியது?"

"சிறியதுதான்."

"அதில் இவன் யாரை மேய்த்தான்?"

"எங்களைத்தான்" என்றாள் வெண்ணுதல். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளே இரண்டு செம்மறியாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். எப்படி வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

தாய் நாய் இன்னொரு சுற்று வந்தாள். "இவன் தகப்பனை நீங்கள் பார்க்கவில்லையே?"

"இல்லை. பறவைகள்மேல் உயிராம். பெரிய மனிதர் ஒருவரோடு குளம் குளமாக உலாப் போவாராம்."

"ஆமாம், போவார். அந்தப் பெரிய மனிதர் கையில் துப்பாக்கி இருக்கும். சுட்டு வீழ்த்திய நீர்ப்பறவைகளைத் தண்ணீரில் இறங்கிக் கவ்விக்கொண்டுவந்து கொடுப்பது இவன் தகப்பனுடைய வேலை. இறகு கலையாமல் கொடுப்பார். அவரைப் பார்க்காமல் இருந்ததே நல்லது, அம்மா. பார்த்திருந்தால் இப்போது என்னோடு பேசிக்கொண்டிருக்க மாட்டீர்கள்."

முட்டையைக்கூட உடைக்காத அந்தப் பூப்போன்ற வாய் எதற்காகப் பூப்போல ஆயிற்று என்பது வெண்ணுதலுக்கு அப்போது விளங்கியது. நெற்றி நாமம் தவிர அவள் முகமும் வெளுத்தது.

சுருளி கிடையிலேயே தங்கினான். அங்கே ஓடுவதற்கு நிலம் இருந்தது. சிதறுவதற்கு ஆடுகள் இருந்தன. அவனைப் பார்த்து எவரும் அழகு என்று சொல்லவில்லை. ஆடுகளுக்கு மயிர் கத்தரித்த நாளில் கிடைக்குத் தலைவரான கீதாரி அவனையும் பிடித்துக் கத்தரித்துவிட்டார். காதின் பின்னால் இருந்த புண் ஆறியது. அவனுக்கு இரண்டு கண்கள் இருப்பது உறுதியாயிற்று.

மிஞ்சிய முட்டைகள் குளம் வற்றுவதற்குள் பொரிந்தன. வெளிவந்தவற்றில் இரண்டு சிறகியின் குஞ்சுகள். வெண்ணுதல் மறுபேச்சின்றி அவற்றைச் சிறகியிடம் சேர்த்து, மன்னிப்பும் கேட்டாள். கருமேனியாருக்குத் தும்மல் நின்றது. பழையபடி கோரைப்பூவுக்கு மட்டும் தும்மினார்.

அடுத்த மாதம் இன்சொல்லன் சொன்னபடியே வந்தான். இம்முறை குட்டி சாம்பல் நிறம். முயல்கள் சுற்றி நின்று, எவ்வளவு அழகு என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஆமை தலையை நீட்டுவதற்கு முன்பே கூட்டத்தின் பின்னாலிருந்து வெண்ணுதலின் குரல் கேட்டது.

"இதன் தாய் எங்கே? தந்தைக்கு என்ன தொழில்?"

இன்சொல்லன் குட்டியின் முடியைப் பற்றிப் பேசத் தொடங்கினான். முயல்கள் அவளைத் திரும்பிப் பார்த்து, சற்று அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொண்டன. அவளோ அந்த இரண்டு கேள்விகளையும் அவன் குட்டியோடு திரும்பிப் போகும்வரை கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஓர் உயிரை வீட்டுக்கு அழைத்துவருமுன் அதைப் பெற்ற இருவரையும் அவர்களுடைய தொழிலையும் விசாரித்து அறிந்துவிட வேண்டும். விசாரிக்காமல் விட்டது நம் பிழையாக இருக்க, தன் இயல்பின்படி நடந்த அந்த உயிரைத் தண்டிப்பது நீதி ஆகாது.