மரியாதையான உயரம்

இந்தக் கதையில் குருவுக்கு இருபத்தொன்பது வயது. சிஷ்யைக்கு ஐம்பத்து நான்கு. மாறிப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். குரு என்றால் தாடி இருந்தாக வேண்டும் என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை.

குருவின் பெயர் ரெஜினா. தூத்துக்குடியில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் சிறிய படக்கூடம் நடத்திவந்தாள். முகூர்த்த மாதங்களில் கல்யாணம் எடுப்பாள். அதில் வருவதைக் கொண்டு தனக்கு வேண்டிய படங்களை எடுப்பாள். உப்பளத்து வெயில், துறைமுகத்துப் பாரந்தூக்கி, மழைக்கு முந்தைய கடல். நல்ல தாளில் அச்சிட்டு, கண்ணாடி போட்டு விற்பாள். சில விற்கும். பல சுவரிலேயே இருக்கும்.

கழுத்தில் கேமரா தொங்க அவள் கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது, "போட்டோகிராபர் எப்பம்மா வருவாரு?" என்று அவளிடமே கேட்பார்கள்.

"வந்தாச்சு" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

சிஷ்யை வடிவு. தொலைபேசி அலுவலகத்தில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கையில் வந்த பணத்தில் முதல் வேலையாகக் கேமரா வாங்கியவள். வீட்டில் சிரித்தார்கள். கணவர், இந்த வயதில் எதைப் படம் பிடிக்கப்போகிறாய் என்று கேட்டார். மகன், செல்போன் போதாதா என்றான். என் முகத்தை ஒரு படம் எடு என்று மட்டும் அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

வடிவு ரெஜினாவை டீச்சர் என்று கூப்பிடுவாள். ரெஜினா வடிவை அக்கா என்பாள். அவர்கள் இருவருக்கும் அதில் குழப்பமே இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

ஆடி பிறந்தது. யாரும் கல்யாணம் வைக்காத மாதம். மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும், வாடகை இறங்கும். ரெஜினா வருஷந்தோறும் அந்த மாதத்தில்தான் ஏதாவது ஒரு மண்டபத்தின் பந்திக்கூடத்தைப் பிடித்துக் கண்காட்சி வைப்பாள். ஊர்ப் புகைப்படச் சங்கத்து ஆண்கள் அதற்கு 'ஆடித் தள்ளுபடி' என்று பெயர் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, அதே சிரிப்போடு சொல்வார்கள்.

இந்த முறை குருவின் படங்களோடு சிஷ்யையின் படம் ஒன்றும் இருந்தது.

மீன் சந்தையில் எடுத்த படம். பேச்சித்தாய் என்கிற மீன்காரி, பலகைக்குப் பின்னால் ஒரு காலை மடக்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அரிவாள்மணை. விலை சொல்லப்போகிற வாய். குறைக்கப்போவதில்லை என்கிற கண்.

ரெஜினா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இது வாசலுக்கு நேரா இருக்கட்டும் அக்கா" என்றாள். அழைப்பிதழிலும் அதையே போட்டாள்.

அன்று திரும்பும்போது வடிவு தன் வீட்டைத் தாண்டி இரண்டு தெரு போய்விட்டாள்.

திறந்துவைக்க ஓட்டல் முதலாளி தர்மலிங்கம் வருவதாக ஏற்பாடு. கடற்கரைச் சாலையில் புதிதாகத் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்தார். படங்கள் பிடித்திருந்தால், விடுதியின் அறைகள் எல்லாவற்றுக்கும் ரெஜினாவிடமே வாங்கிக்கொள்வதாகச் சங்கச் செயலாளர் பொன்னுலிங்கத்திடம் சொல்லியிருந்தார். அது மட்டும் நடந்துவிட்டால், ரெஜினா இனிப் பிடித்த கல்யாணத்தை மட்டும் எடுக்கலாம். வடிவு தன் வீட்டில் போய்ச் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கும்.

பேச்சித்தாய்க்கு முதலாளியைத் தெரியும். ஓட்டலுக்கான மீனைத் தினமும் அவரே வந்து வாங்குகிறார், ஆளை அனுப்ப மாட்டார், குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பார் என்று வடிவிடம் ஒருநாள் சொல்லியிருந்தாள். "பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்புட்டு நேரம் பாத்திருக்க மாட்டாரு" என்றாள். வடிவு அதை அப்படியே ரெஜினாவிடம் வந்து சொன்னாள்.

படத்தை மாட்டுவதற்குப் பேச்சித்தாய் சம்மதித்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள். எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், ஆனால் மரியாதையாக வையுங்கள் என்றாள்.

கண்காட்சிக்கு முதல்நாள் மத்தியானம் வடிவு ரெஜினாவிடம் கேட்டாள்.

"டீச்சர், படத்தை எவ்வளவு உயரத்துல மாட்டணும்?"

"அவங்க என்ன கேட்டாங்க?"

"மரியாதையா வைக்கணும்னாங்க."

"அப்படியே மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு, மீதிப் படங்களை வாங்கி வர ரெஜினா அச்சகத்துக்குப் போய்விட்டாள்.

மண்டபச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பூ அலங்காரத்துக்காகக் கூரையை ஒட்டி வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. படங்களை அவற்றிலிருந்து கயிற்றில்தான் தொங்கவிட வேண்டும். வடிவு ஏணி போட்டு ஏறினாள். கையில் இருந்த படங்களையெல்லாம் மேலே மாட்டினாள். பேச்சித்தாயை எல்லோருக்கும் மேலே, கயிற்றை மிச்சம் விடாமல் இறுக்கிக் கட்டி, கொஞ்சம் முன்னால் சாய்த்து மாட்டினாள். அவள் வீட்டில் மாமனாரும் மாமியாரும் வாசற்படிக்கு மேலே அப்படித்தான் இருந்தார்கள். மனித முகத்தை அதற்குக் கீழே மாட்டி அவள் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி.

மண்டபத்து மேனேஜர் சுடலைமுத்து காலையில் குளித்துவிட்டு வந்து, வெள்ளிதோறும் செய்வதைச் செய்தார். பிள்ளையாருக்குப் பூ, லட்சுமிக்குப் பூ, மண்டபம் கட்டிய செட்டியாருக்கும் அவர் மனைவிக்கும் பூ. நிமிர்ந்து பார்த்தால் அதே வரிசையில் இன்னொரு அம்மாள். அவர் ஏணியை நகர்த்திப் போட்டார். அந்த அம்மாளுக்கும் நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சாத்தி, கீழே ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் போனார்.

சந்தை முடிந்து, தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, புருஷனின் மொபெட்டில் வந்து இறங்கினாள் பேச்சித்தாய். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

வடிவும் அப்போதுதான் பார்த்தாள்.

"நான் எப்பம்க்கா போய்ச் சேந்தேன்?" என்றாள் பேச்சித்தாய். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் வந்து ஒரு பாட்டம் அழுதிருப்பேன்லா."

வடிவு ஏணியில் ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவு வேகம். பூவை எடுத்தாள், குங்குமத்தை முந்தானையால் துடைத்தாள், ஊதுபத்தியைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு வைத்தாள். சுடலைமுத்து, மேலே மாட்டியிருந்தால் போட வேண்டியதுதானே, உயிரோடு இருக்கிறவர்களை யாராவது அங்கே மாட்டுவார்களா என்று நியாயம் பேசினார். அவர் பேச்சில் தப்பில்லை. அதுதான் வடிவுக்கு இன்னும் சுட்டது.

"மரியாதைக்காகத்தான் மேல வச்சேன் தாயி" என்றாள்.

பேச்சித்தாய் சிரிக்கவில்லை.

"என்னைய இதுவரைக்கும் ஒருத்தரும் அண்ணாந்து பாத்தது கிடையாதுக்கா. இன்னைக்குப் பாக்காங்கன்னா, நான் செத்துட்டேன்னுதானே நினைப்பாங்க. கழட்டிருங்க."

சாயங்காலம் முதலாளி வருகிறார். அழைப்பிதழில் இருக்கிற முகம் சுவரில் இருக்காது. கூடத்தில் வடிவு எடுத்தது அந்த ஒரு படம்தான். அவள் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த நேரத்தில் ரெஜினா படக்கட்டைச் சுமந்துகொண்டு உள்ளே வந்தாள். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னதைக் கேட்டாள். கட்டைக் கீழே வைத்தாள்.

"நேத்து நான் கேட்டப்பவே ஒரு உயரம் சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்றாள் வடிவு.

"இந்தப் படம் எடுக்கும்போது நீங்க எங்க இருந்தீங்க அக்கா?"

"சந்தையில."

"சந்தையில எங்க?"

"தரையில. முட்டி போட்டு. சேலை பூரா மீன் தண்ணி."

"ஏன் நின்னு எடுக்கல?"

"நின்னா இவ உச்சி வகிடுதான் தெரியும். முகம் தெரியாது."

ரெஜினா ஏணியில் ஏறிக் கொக்கியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். ஒரு நீளக் கயிற்றை இணைத்து, கொக்கி வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். படம் இறங்கியது. ஜன்னலைத் தாண்டியது. மின்விசிறி சுவிட்சைத் தாண்டியது.

"போதும் டீச்சர்" என்றாள் வடிவு.

ரெஜினா நிறுத்தவில்லை. தரைக்கு ஒரு சாண் மேலே வந்ததும்தான் நிறுத்தினாள். கயிற்றின் நுனியைச் சுவரோரக் கம்பியில் கட்டினாள்.

"உட்காருங்க" என்றாள்.

வடிவு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். பேச்சித்தாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு அவளும் உட்கார்ந்தாள். கண்ணுக்கு நேரே கண். சுவரில் இருந்தவள் விலை சொல்லப்போனாள். எதிரே இருந்தவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இவகிட்ட நான் பேரம் பேச மாட்டேன்" என்றாள் பேச்சித்தாய்.

"கழட்டவா?" என்று கேட்டாள் வடிவு.

"இருக்கட்டும். நல்லா உக்காந்துருக்கால்லா."

மத்தியானத்துக்குள் மற்றப் படங்களும் இடம் மாறின. உப்பளத்துப் பெண்கள் இடுப்பளவுக்கு வந்தார்கள். படகுகள் நெஞ்சளவில் நின்றன. பாரந்தூக்கிப் படம் மட்டும் கூரையோரம் அப்படியே இருந்தது. அதை ரெஜினா அண்ணாந்துதான் எடுத்திருந்தாள்.

சாயங்காலம் முதலாளிக்கு முன்னால் செயலாளர் பொன்னுலிங்கம் வந்தார். கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒரு படம் மேலே, ஒரு படம் கீழே, துணி காயப்போட்ட மாதிரி இருக்கிறது என்றார். பேச்சித்தாயின் படத்திடம் வந்ததும் நின்றுவிட்டார். ரெஜினாவிடம் பேசிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். வயதில் மூத்தவள், நாலும் தெரிந்தவள் என்று வடிவைத் தனியே கூப்பிட்டார். பெரிய மனிதர் வருகிறார், கூடத்தில் முதல் படமே தரையில் கிடந்தால் திரும்பிப் போய்விடுவார், கயிறுதானே, அரைமணி நேரம் இழுத்துக் கட்டுங்கள், அவர் போனதும் உங்கள் இஷ்டம் என்றார். உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லாத ஆண் அந்தச் சங்கத்தில் இல்லை.

வடிவு குருவிடம் வந்தாள்.

"அரைமணி நேரம்தான் டீச்சர். அத்தனை அறைக்கும் படம். நம்ம கடை நிமிர்ந்திடும். பேச்சித்தாய் ஒண்ணும் நினைக்க மாட்டா. தூக்கிக் கட்டட்டுமா?"

"படம் யாரோடது அக்கா?"

"என்னோடது."

"கயிறு அங்க இருக்கு" என்றாள் ரெஜினா.

வடிவு சுவரோரம் போனாள். கயிற்றைப் பிடித்தாள். கூடத்தின் நடுவில், பார்க்க வந்திருந்த கல்லூரிப் பெண்களிடம் பேச்சித்தாய் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது நான்தான், சந்தேகமாக இருந்தால் உட்கார்ந்து பாருங்கள் என்றாள். இரண்டு பெண்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சித்தாய் கயிற்றுப் பக்கம் திரும்பவே இல்லை. அது அங்கேயே இருக்கும் என்று நம்பியவள்போல இருந்தாள்.

வடிவு முடிச்சை அவிழ்க்கவில்லை. அதன்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டாள். அதை இறுக்கினாள்.

தர்மலிங்கம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் சரிகைத் துண்டு. பின்னால் நாலைந்து பேர்.

"வாங்க மொதலாளி" என்றாள் பேச்சித்தாய். "இன்னைக்கு மீன் இல்ல. நான் மட்டுந்தான்."

அவர் சிரித்தார். பாரந்தூக்கியை அண்ணாந்து பார்த்து நல்லா இருக்கு என்றார். படகுகளின் முன் நின்று தலையசைத்தார். பிறகு பேச்சித்தாயின் படத்துக்கு முன்னால் வந்து, கீழே பார்த்தார். நின்ற இடத்திலிருந்து கண்ணாடியில் விளக்கு வெளிச்சம்தான் தெரிந்தது, முகம் தெரியவில்லை.

"என்னம்மா இது, தரையில வச்சிருக்கீங்க?"

பொன்னுலிங்கம் முந்திக்கொண்டார். சின்னப் பொண்ணு, தெரியாமல் செய்துவிட்டது, நான் அப்போதே சொன்னேன் என்றார். பிறகு ரெஜினாவின் பக்கம் திரும்பினார்.

"முதலாளி தரையில உட்கார்ந்தாம்மா படம் பாப்பாரு?"

ரெஜினா குரலை உயர்த்தவில்லை.

"செவுளைத் தூக்கிப் பாக்கத் தினமும் உட்கார்றாரு சார். முகத்தைப் பாக்க உட்கார மாட்டாரா?"

எதையும் டீச்சரிடம் கேட்டுவிட்டுச் செய்யும் வடிவு இந்த முறை கேட்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, தன் படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.